பழைய நன்றியும் புதிய ஒப்பந்தமும்

வயது முதிர்ந்த உழைப்பாளிக்கு மீண்டும் வேலை தருவது அறமா, தராமல் விடுவது அறமா என்னும் கேள்வி நம் வீடுகளுக்குப் புதியதன்று. தறிக்கூடத்திலும், தோல் பதனிடும் தொழிற்கூடத்திலும், பள்ளிக்கூடத்திலும் அது அடிக்கடி எழுவதுண்டு. எனினும் அக்கேள்வியைத் தெளிவாகக் காண்பதற்கு விளையாட்டு மைதானத்தைப் போன்ற இடம் வேறில்லை. அங்கே உழைப்பு ஆயிரக்கணக்கான கண்களுக்கு முன் நடக்கின்றது. பயன் எண்ணிக்கையில் எழுதப்படுகின்றது. முப்பது வயதிலேயே முதுமை பேசப்படுகின்றது. ஆதலின், காயத்தால் நலிந்து வயதும் ஏறிய முன்கள வீரர் ஒருவரைக் கால்பந்துக் கழகம் ஒப்பந்தம் செய்யலாமா என்னும் வினாவை இங்கே ஆராய விழைகின்றோம். பந்தாட்டத்தில் நாட்டமில்லாத தாய்மார்களும் பெரியோரும் இதனைப் படிக்கலாம். பேசப்படுவது பந்தைப் பற்றி மட்டுமன்று.

இவ்வினா நம் தமிழகத்திலேயே ஒருமுறை எழுந்தது. மிசோரம் மாநிலத்தில் 1991ஆம் ஆண்டு பிறந்த ஜெஜெ லால்பெக்லுவா, 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோதே சென்னையின் எஃப்.சி. அணிக்காகக் களம் இறங்கியவர். அக்கழகம் 2015ஆம் ஆண்டும், 2017-18 பருவத்திலும் கோப்பை வென்றபோது இரு முறையும் அணியில் இருந்தவர். அந்த இரண்டாம் வெற்றிப் பருவத்தில் மட்டும் 9 கோல்கள் அடித்தார். 2019 ஜனவரியில் அபுதாபியில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்து தாய்லாந்துக்கு எதிராக இந்தியாவின் நான்காவது கோலை அடித்தவரும் அவரே. பின்னர் முழங்கால் காயம் அவரை வீழ்த்தியது. 2019-20 பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. 2020இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்று ஒரு பருவம் இருந்தார். 2022ஆம் ஆண்டு, தமது 31ஆம் வயதில், சென்னையின் எஃப்.சி. அவரை மீண்டும் அழைத்து ஒப்பந்தம் செய்தது.

அழைத்தது சரியா? இவ்விடத்தில் இரு தரப்பினர் இரு விதமாகப் பேசுவர். கணக்குப் பார்ப்பவர், “ஓடாத குதிரைக்குக் கொள்ளு எதற்கு?” என்பார். நெஞ்சால் பார்ப்பவர், “இரு கோப்பைகள் தந்த காலை நொண்டியானதும் மறப்பதா?” என்பார். இருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் முதலாமவர் மனிதனைப் பண்டமாகக் காண்கின்றார். இரண்டாமவர் ஒப்பந்தத்தைத் தருமமாகக் காண்கின்றார். இவ்விரண்டு மயக்கங்களையும் விலக்கினாலன்றி விடை புலப்படாது.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். வயது தன்னளவில் குற்றமன்று. கேமரூன் நாட்டு ரோஜர் மில்லா 1990ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆடியபோது அவருக்கு வயது 38. அந்தப் போட்டியில் 4 கோல்கள் அடித்து, தம் நாட்டைக் காலிறுதிக்குக் கொண்டு சேர்த்தார். ஆப்பிரிக்கக் கண்டத்து நாடொன்று அந்நிலையை எட்டியது அதுவே முதன்முறை. நம் நாட்டில் சுனில் சேத்ரி 2024-25 பருவத்தில், 40 வயதில், இந்தியன் சூப்பர் லீக்கில் 14 கோல்கள் அடித்தார். ஜெஜெ காயத்தால் ஒதுங்கியிருந்த அதே 2019-20 பருவத்தில், லித்துவேனிய நாட்டு வால்ஸ்கிஸ் 32 வயதில் சென்னை அணிக்காக 15 கோல்கள் அடித்து, அணியை இறுதியாட்டத்திற்கு இட்டுச் சென்றார். ஆகவே பிறந்த தேதியை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது.

ஆனால் மில்லாவை அவருடைய பயிற்சியாளர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதையும் நோக்க வேண்டும். அவர் ஆட்டத் தொடக்கத்தில் இறக்கப்படவில்லை. எதிரணியினர் களைத்த பின்னரே மாற்று ஆட்டக்காரராக அனுப்பப்பட்டார். அவரிடம் எஞ்சியிருந்தது எவ்வளவு என்பதை அளந்து அறிந்து, அந்த அளவே கேட்டனர்; அவரும் அதனை நிறைவாகத் தந்தார். முதியவரிடம் வேலை வாங்குவதன் நுட்பம் இதுவே. இளமையில் தந்ததைத் திரும்பத் தா என்று கேட்பது அவருக்கும் கேடு, கேட்பவருக்கும் நட்டம்.

காயமோ வயதைப் போன்றதன்று. முன்கள வீரரின் தொழில் நேராக ஓடுவது மட்டுமன்று. நின்ற நிலையிலிருந்து திடீரெனப் பாய்தலும், பாய்ந்த வேகத்தில் சட்டெனத் திரும்புதலும் அவர் பிழைப்பு. அந்தத் திருப்பத்தின் பாரம் முழுவதும் முழங்கால் மீது விழுகின்றது. முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பில் இரத்த ஓட்டம் இல்லை. அது தேய்ந்தால் தானாக ஆறுவது அரிது. தொடையின் பின்தசை ஒருமுறை கிழிந்தால் மறுமுறை கிழியும் வாய்ப்பு மிகுதி. பழைய காயமே புதிய காயத்திற்குக் கட்டியம் கூறுகின்றது என்பது விளையாட்டு மருத்துவம் கண்ட உண்மை. எனவே கழகம் கேட்க வேண்டிய கேள்வி, “வயது என்ன?” என்பதன்று. “கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை நாட்கள் களத்தில் நின்றார்? அவர் கால் இன்று எவ்வளவு தாங்கும்?” என்பதே.

புகழ் இக்கேள்வியை மறைத்துவிடும். 2017-18 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி அயர்லாந்தின் ராபி கீனையும், கேரளா பிளாஸ்டர்ஸ் அணி பல்கேரியாவின் பெர்பட்டோவையும் அழைத்து வந்தன. இருவரும் ஒரு காலத்தில் இலண்டனின் டாட்டன்ஹாம் அணியில் இணைந்து ஆடியவர்கள்; ஏறக்குறைய ஒத்த வயதினர்; இருவரையும் காயம் விடவில்லை. பெர்பட்டோவிடம் எதிர்பார்த்த கோல்கள் வரவில்லை. கீன் கோல்கள் அடித்தார். இருந்தும் முந்தைய பருவத்தில் கோப்பை வென்றிருந்த ஏ.டி.கே. பத்து அணிகளுள் ஒன்பதாவதாக முடிந்தது. அனுபவம் நிறைந்த ஒரு கால் அணி முழுவதையும் தாங்கிவிடும் என்று எதிர்பார்த்தல் வீண் என்பதற்கு இது சான்று.

இனி, நாம் வாழும் திருவண்ணாமலைக் காட்சி ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவ்வூரில் பௌர்ணமி இரவுகளில் இந்து சமயத்து அன்பர்கள் இலட்சக்கணக்கில் கூடி, மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். தடியூன்றிய முதியவரும், இடுப்பில் குழந்தை ஏந்திய பெண்ணும், விரைந்து செல்லும் இளைஞரும் அந்தப் பாதையில் உண்டு. எவரும் எவரையும் வயது கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில் ஒருவர் நடப்பதனால் மற்றொருவர் நடக்கும் இடம் பறிபோவதில்லை. கால்பந்து மைதானம் அத்தகையதன்று. அங்கே ஓர் அணிக்கு இடம் 11 மட்டுமே. ஒருவர் நின்றால் மற்றொருவர் வெளியே அமர வேண்டும். நம் நாட்டுக் கழகங்கள் முன்கள இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டினருக்கே தருவதால், இந்திய முன்கள வீரருக்கு எஞ்சும் இடம் இன்னும் குறுகியது.

ஜெஜெ திரும்பி வந்த நாளில் சென்னை அணியில் ரஹீம் அலி என்னும் இளைஞர் இருந்தார். 2000ஆம் ஆண்டில் பிறந்தவர். 2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றவர். இவரைப் போன்ற இளைஞருக்கும் கழகத்தின் மீது உரிமை உண்டு. அவர் இன்னும் கோப்பை எதுவும் பெற்றுத் தரவில்லை என்பதால் அவருடைய உரிமை சிறியதாகிவிடாது. மூத்தவரிடம் நாம் காட்டும் இரக்கத்தின் விலையை இளையவர் செலுத்துவாராயின், அந்த இரக்கம் நம்முடையதன்று. பிறர் பையிலிருந்து எடுத்து நாம் செய்த தானம் அது.

அடுத்து ஒப்பந்தத்தின் இயல்பை நோக்குவோம். நம் மதரஸாக்களில் ஃபிக்ஹு பயில்வோர், விற்பனையையும் வாடகையையும் பிரித்தே கற்கின்றனர். விற்பனையில் பொருளே கைமாறுகின்றது. இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்தில் பொருள் மாறுவதில்லை; அதன் பயன் மட்டுமே குறித்த காலத்திற்கு மாறுகின்றது. மனிதன் ஒருபோதும் விலைபோவதில்லை. அவன் உழைப்பின் பயன் மட்டுமே ஒப்பந்தத்திற்குள் வரும். “வீரரை வாங்கினார்கள், விற்றார்கள்” என்று செய்தித்தாள்கள் எழுதுவது நாவின் வழக்கமே அன்றி உண்மையன்று.

இச்சட்ட நூலார் மேலும் இரண்டு செய்திகளைக் கூறுவர். பண்டத்தின் குறையை மறைத்து விற்றால், வாங்கியவர் திருப்பித் தரும் உரிமை உடையவர். ஆனால் குறையை அறிந்தே வாங்கியவருக்கு அக்குறையைக் காட்டித் திருப்பித் தரும் உரிமை இல்லை. அடுத்து, குறித்த காலத்திற்குத் தன்னை ஒருவரிடமே ஒப்படைத்த பணியாளர், அஜீர் காஸ், வேலைக்கு ஆயத்தமாக நிற்பாராயின், எசமானர் வேலை தராவிட்டாலும் கூலிக்கு உரியவர். கால்பந்து வீரர் இவ்வகையினரே. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியும் இதற்கு அணித்தாகவே செல்கின்றது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை விதித்தல் கூடாது என்பது அவ்விதி. அதாவது, பார்க்க வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னரே பார்த்துவிட வேண்டும்.

இதிலிருந்து கழகத்தின் கடமை தெளிவாகின்றது. முழங்காலை அறிந்து அழைத்தவர்கள், பின்னர் அந்த முழங்காலைக் காட்டி அவரை இழிவுபடுத்தலாகாது. உட்கார வைத்துவிட்டுச் சம்பளம் வீண் என்று ஊரறியப் புலம்பலாகாது. பேசிய கூலியைக் குறைவின்றிக் கொடுப்பதோடு, காயம் மீண்டும் வந்தால் அதற்கான சிகிச்சையையும் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆயத்தமில்லாத கழகம் அவரை அழைக்காமல் இருப்பதே நேர்மை.

வீரருக்கும் கடமை உண்டு. வலியை மறைத்து, ஊசியால் மரக்கச் செய்து, பரிசோதனை நாளில் மட்டும் ஓடிக் காட்டுதல், நாணயமில்லாத வணிகர் ஈர நெல்லின் மேல் உலர்ந்த நெல்லைப் பரப்பி வைப்பதற்கு ஒப்பாகும். அதனினும் பெரிது, உடல் நம்மிடம் தரப்பட்ட அமானத் என்பது. ஆட்டத்திற்குப் பின்னும் நெடிய வாழ்வு உண்டு. மாடிப்படி ஏறவும், பிள்ளையைத் தோளில் சுமக்கவும், தொழுகையில் மண்டியிடவும் அதே முழங்கால்தான் வேண்டும். ஒரு பருவத்துக் கைதட்டலுக்காக அதனை இழப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை; இழக்கும்படி தூண்டுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

அவ்வாறாயின் நன்றி எங்கே போயிற்று என்று நெஞ்சால் பேசியவர் கேட்பார். நன்றி கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கென்று தனிப் பை வேண்டும். பல்லாண்டுகள் பாங்கு சொன்ன மோதினார் ஒருவருக்குக் குரல் தளர்ந்துவிட்டது என்று கொள்வோம். ஜமாஅத் அவரைத் தெருவில் விடலாமா? கூடாது. அவர் மனம் நோகுமே என்று, கேளாத குரலிலேயே பாங்கை நடத்திக்கொண்டிருக்கலாமா? அதுவும் கூடாது. அவருக்குரிய மாதப் பொருளைத் தொடர்ந்து தந்து, முதல் வரிசையில் இடம் தந்து, புதியவருக்கு இராகமும் உச்சரிப்பும் கற்பிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பதே மாண்பு. பாங்கும் ஊருக்குக் கேட்கும், பெரியவரும் தலைநிமிர்ந்திருப்பார். நன்றியைக் கூலி என்று பெயர் மாற்றிக் கொடுத்தால், பெறுபவர் தமக்குத் தகாத வேலையைச் செய்து அதனை ஈடுகட்ட முயல்வார், முடியாதபோது வெட்கமடைவார். அவரை வெட்கப்படுத்துவதற்கா நன்றி காட்டினோம்?

ஆகவே நம் கருத்து இது. இன்றைய ஆற்றலை அளந்து, உண்மையை இரு சாராரும் திறந்து பேசி, குறுகிய காலத்திற்கு, இளையவரின் வழியை அடைக்காத அளவில் ஒப்பந்தம் செய்யலாமாயின், முதிர்ந்த வீரரைக் கழகம் தயங்காமல் அழைக்கலாம். சில நிமிட ஆட்டமும், இளையவருக்குக் கற்பிக்கும் அனுபவமும் அதன் பயன் என்று வெளிப்படையாகவே எழுதிக்கொள்ளட்டும். பழைய கோல்களுக்காக மட்டும் அழைப்பதாயின், ஒப்பந்தம் வேண்டா. கௌரவ விழா ஒன்று எடுத்து, பொருளும் பொறுப்பும் தந்து போற்றட்டும். ஜெஜெயை 2022இல் அழைத்த கழகம் முதல் வழியில் நின்று அழைத்திருக்குமாயின், அவ்வழைப்பு கோல் கணக்கால் பொய்த்துப்போவதன்று.

அவர் அப்பருவத்தில் மிகச் சில ஆட்டங்களிலேயே களம் கண்டார். 2023ஆம் ஆண்டு ஆட்டத்திலிருந்து விடைபெற்று, அவ்வாண்டு டிசம்பரில் மிசோரம் சட்டமன்றத்திற்குத் தெற்கு துய்புய் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். தளர்ந்தது ஒரு முழங்கால் மட்டுமே என்பதை அவர் ஊர் மக்கள் அறிந்திருந்தனர். நம் குடும்பங்களிலும் தொழிலிடங்களிலும் தளர்ந்த கையோ காலோ உடைய பெரியோர் பலர் உளர். அவர்களிடம் இன்று எது எஞ்சியிருக்கின்றது என்று அவர்களையே அமர்த்தி, மரியாதையுடன் கேட்டறிந்து, அதற்கேற்ற இடத்தை அளிக்க நாம் முன்வருவோமாக.