குழப்படியா? குறைபாடா?

மாம்பழத்துக்காக உலகத்தைச் சுற்றி ஓடியவர் முருகன். அம்மையப்பரை மட்டும் வலம் வந்து நின்றவர் பிள்ளையார். ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் இரு வேறு சுபாவம். இருவரையும் நாம் ஒரே ஆலயத்தில் வைத்து வணங்குகிறோம். ஆனால் நமது பிள்ளைகளில் ஒருவன் ஓடித் திரிந்தால் உடனே மனம் கலங்குகிறோம்.

முன்னர் 'குழப்படி' என்று சொல்லி விட்டுவிட்டதை இன்று 'ஏடிஎச்டி' என்று சொல்கிறோம். கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த இந்நிலை உண்மையானது. அப்படியாயினும், இரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பெயரைச் சூட்ட நமக்கு உரிமை உண்டா? மறுபுறம், உதவி தேவைப்படும் பிள்ளையை 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று மறைப்பது நியாயமா?

1902ஆம் ஆண்டு லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், அறிவில் குறையில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அவர் விவரித்தார். இன்று வைத்திய உலகம் அதனை மூளை வளர்ச்சியின் வேறுபாடு என்றும், பெரும்பாலும் பரம்பரையோடு தொடர்புடையது என்றும் கொள்கிறது. ஆகவே பிள்ளையின் துடுக்கையோ தாயின் வளர்ப்பையோ குற்றம் சொல்வது பொருந்தாது.

இரண்டு, மூன்று வயதில் ஓடுவதும் ஏறுவதும், ஒரு விளையாட்டை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதும் இயல்பு. தன்னை அடக்கும் ஆற்றல் முதிர்ச்சி அடைய இருபது வயதுக்கு மேலும் செல்லும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, இதற்கான பரிசோதனையை 4 வயதிலிருந்தே தொடங்குகிறது. அந்த வயதிலும் முதலில் சொல்லப்படுவது மருந்தன்று, பெற்றோருக்கான பயிற்சியே. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும்; வீடு, பாடசாலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும்; பிள்ளையின் அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும்.

நாம் வாழும் கனடாவிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வின்படி, ஜனவரியில் பிறந்த ஆண் பிள்ளைகளைவிட டிசம்பரில் பிறந்தவர்களுக்கு இப்பெயர் 30 சதவீதம் அதிகமாகச் சூட்டப்பட்டிருந்தது. அங்கு டிசம்பரில் பிறந்தவர்களே வகுப்பில் மிக இளையவர்கள். வயதின் இயல்பே நோயாக எண்ணப்பட்டிருக்கக் கூடும்.

வேறு காரணங்களும் உண்டு. காது சரியாகக் கேளாத பிள்ளை சொல்வதைக் கவனியாது. நித்திரை குறைந்த பிள்ளை சோர்ந்து படுக்காமல் இன்னும் துள்ளும். மூன்று, நான்கு வயதில் பகல் நித்திரையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட பிள்ளைக்குப் பராமரிப்பு நிலையத்து ஆங்கிலம் விளங்காமலும் இருக்கலாம்.

ஆனால் நான்கு வயதைத் தாண்டியும், வீட்டிலும் வெளியிலும் ஒரே விதமாக, ஆபத்தை உணராமல் வீதிக்குப் பாய்கிறது, ஒத்த வயதினரோடு சேர முடியவில்லை என்றால் வைத்தியரிடம் செல்லத் தயங்கலாகாது. சத்தமின்றிக் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். அவர்களையே பலரும் தவறவிடுகின்றனர். பேசிய சொற்களை இழந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. ஒன்ராறியோவில் 18 மாதத்தில் நடக்கும் விரிவான பரிசோதனை இவற்றைக் கேட்க நல்ல தருணம்.

பெயரிடுவதும் மறைப்பதும் யாருக்காக என்பதே இங்கு அறத்தின் கேள்வி. நமது அமைதிக்காகப் பெயரிட்டால் அது அநீதி. 'ஊர் என்ன சொல்லும்' என்று நமது மானத்துக்காக மறைத்தால் அதுவும் அநீதி. பிள்ளைக்கு உதவி கிடைக்கும் என்றால் பெயர் ஒரு திறவுகோல்.

வைத்தியம் செய்வது வைத்தியரின் வேலை. அடியார்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் பிள்ளைக்கு நாம் நோய்ப் பெயர் சொல்லாதிருப்போம். களைத்துப் போன தாய் பத்து நிமிடம் அமைதியாகக் கும்பிடட்டும் என்று, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சற்று வெளியே உலாவி வருவோம்.