யார் கணக்கில் இந்தப் புண்ணியம்?

மியூனிக் பல்கலைக்கழகத்தின் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பின்னவரான மாக்சிமிலியன் 19-ஆம் நூற்றாண்டு அரசர், அவரை விட்டுவிடலாம். முன்னவர் லுட்விக். பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட் பகுதியை 1450 முதல் 1479 வரை ஆண்ட கோமகன். வரலாற்றில் அவருக்கு 'பணக்கார லுட்விக்' என்றே பெயர். அவர் பெயர் போட்ட பட்டத்தை வாங்கியவன் நான். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவனும்கூட. அதனால் ஒரு கேள்வி என்னைப் பல வருடமாகத் தொந்தரவு செய்கிறது: அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய புண்ணியம் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

அது முதலில் தொடங்கியது மியூனிக்கில் இல்லை, இங்கோல்ஸ்டாட்டில், 1472-இல். பாப்பரசர் இரண்டாம் பயஸ் 1459-லேயே அனுமதி கொடுத்துவிட்டார். நடுவில் போர் வந்து காரியம் தள்ளிப்போனது. வகுப்புகளுக்குக் கிடைத்த கட்டடம் வேறு ஒரு லுட்விக் கட்டியது. இங்கோல்ஸ்டாட்டை ஆண்ட அவரைத் 'தாடிக்கார லுட்விக்' என்பார்கள். பிரெஞ்சு அரசி இசபோவின் அண்ணன், பெரிய சண்டைக்காரர். தான் செத்தபின், மோட்சத்துக்கு முன் பாவக்கடன் தீர்க்கும் உத்தரிக்கும் ஸ்தலத்தில் நெடுநாள் கிடக்க நேரும் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஏழை முதியவர்களுக்கு ஒரு விடுதி கட்டினார். அவர்களுக்குச் சோறும் துணியும் என்றென்றைக்கும் கிடைக்கும். பதிலுக்கு, அங்கே கிடக்கும் நாட்கள் குறைய, அவர்கள் கோமகனின் ஆத்துமாவுக்காக ஜெபிக்க வேண்டும். சங்கீதம் ஓதவும் பூசை வைக்கவும் தனியாகப் பணம் ஒதுக்கினார்.

தன் கல்லறைக்குச் சிற்பி ஹான்ஸ் முல்ட்ஷரிடம் மாதிரி செய்து வாங்கினார். அது இன்றும் மியூனிக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிர் சுண்ணாம்புக்கல், இரண்டடிக்கும் குறைவு. கோமகன் மண்டியிட்டிருக்கிறார், எதிரே திரித்துவம். ஆயுள் முழுக்க யாருக்கும் தலைவணங்காத ஆள், கல்லில் மட்டும் மண்டியிடச் சம்மதித்திருக்கிறார். அந்தக் கல்லறையும் எழும்பவில்லை. பெற்ற மகனே அவரை 1443-இல் சிறைப்பிடித்தான். கைமாறிக் கைமாறி, பணக்கார லுட்விக்கின் அப்பா ஹைன்ரிஹிடம் வந்து சேர்ந்து, 1447-இல் புர்க்ஹவுசன் கோட்டையில் கைதியாகவே இறந்தார். அடக்கம் வேறிடத்தில், ஒரு மடத்தில். நாடும் அறக்கட்டளைகளும் ஹைன்ரிஹின் குடும்பத்துக்குப் போயின. பல்கலைக்கழகம் என்ற யோசனை வந்தபோது, ஜெபத்துக்கென்று ஒதுக்கிய அந்தச் சொத்து பாப்பரசரின் ஒப்புதலோடு படிப்புக்குத் திருப்பிவிடப்பட்டது. முதியோர் விடுதி கல்விக்கூடமானது.

நல்ல காரியம்தானே என்று என் பேராசிரியர் நண்பர்கள் சொல்வார்கள். உத்தரிக்கும் ஸ்தலத்தை நம்பாதவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம். பணக்கார லுட்விக் நம்பியவர். அவருடைய நம்பிக்கைப்படியே பார்த்தால், நெருப்பில் கிடக்கும் ஒருவனுக்குப் போக வேண்டிய தண்ணீரை வேறு வயலுக்குத் திருப்பியிருக்கிறார். முறையிட வர முடியாதவனின் சொத்து. கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் பூசைக்குக் கொடுக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது சட்ட நுணுக்கமாகத் தெரிவதில்லை.

பாப்பரசருக்கு அந்த அதிகாரம் உண்டு என்பது சபையின் பதில். நேர்ந்ததை அதைவிடப் பெரிய நன்மைக்கு மாற்றலாம். பலன் கொடுத்தவனுக்கே சேரும். ஆனால் புண்ணியத்துக்குக் கொடுப்பவன் மனது வேண்டும் என்றும் அதே சபைதான் சொல்கிறது. தாடிக்காரர் மனதில் பல்கலைக்கழகம் இருந்ததற்கு அடையாளமில்லை. பணக்காரர் மனதில் அது இருந்தது, ஆனால் பணம் அவருடையதில்லை. ஒருவர் பணம், இன்னொருவர் எண்ணம். நடுவில் நின்ற நற்செயலுக்குச் செய்தவன் என்று யாரைச் சொல்வது?

பணக்கார லுட்விக்கிடம் பணம் இல்லாமலும் இல்லை. 1475-இல் மகன் கியோர்க்குக்கும் போலந்து இளவரசி ஹெட்விக்குக்கும் அவர் நடத்திய கல்யாணம் இன்றும் லாண்ட்ஸ்ஹூட்டில் விழாவாக நடித்துக் காட்டப்படுகிறது. பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கே வந்திருந்தார். 40,000 கோழி, 1,94,345 முட்டை என்று எழுதிவைத்த கணக்கு இருக்கிறது; மொத்தச் செலவு 60,000 பொற்காசுக்கு மேல். அந்தக் கஜானாவில் பட்டத்துக்கு வந்த வருடமே யூதர்களைச் சிறையிலிட்டுப் பிடுங்கிய காசும் உண்டு. பிடுங்கியபின் அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார். மகன் கல்யாணத்துக்குச் சொந்தப் பணம், படிப்புக்குச் செத்தவன் பணம் என்று அவர் கணக்குப் பிரித்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பிற்பாடு, லூதரை எதிர்த்து உத்தரிக்கும் ஸ்தலத்துக்காக வாதாடிய யோகான் எக் பாடம் நடத்தியது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். விடுதியிலிருந்த கிழவர்களின் ஜெபத்தை நிறுத்திவிட்டு, அந்த ஜெபத்தால் பலன் உண்டு என்று நிரூபிக்க ஒரு பேராசிரியருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குச் சோற்றுக்கு வழிசெய்த படிப்பு அது. ஆகவே நவம்பர் 2 அன்று நான் எழுதிக் கொடுக்கும் சீட்டில் தாத்தா, அம்மாச்சி பெயர்களுக்குக் கீழே லுட்விக் என்றும் இருக்கும். எந்த லுட்விக் என்று பங்குச்சாமி கேட்டார். தாடி வைத்தவர் என்றேன்.