பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கடவுள்

2013 ஏப்ரல் 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் மலையூர்களுக்கு ஒரு கேள்வியை அனுப்பி வைத்தது. நியம்டோங்கர் என்னும் இடத்தில் பாக்சைட் வெட்டி எடுத்தால், அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிகரத்தில் குடியிருக்கும் நியம் ராஜாவின் உறைவிடத்துக்கு ஏதேனும் பாதிப்பு வருமா? ஆஃப்தாப் ஆலம், கே.எஸ். ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகோய் ஆகிய மூன்று நீதிபதிகளின் அமர்வு இதற்குத் தானே விடை சொல்லாமல், கிராம சபைகளே கூடிப் பேசி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. அதில் ஓர் அடக்கம் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு கடவுள் கொள்கையும் இருந்தது. கடவுளுக்கு ஒரு முகவரி உண்டு, அந்த முகவரியிலிருந்து தூரத்தை அளந்து பார்க்கலாம் என்பதே அது.

நியம்கிரி மலைத்தொடர் ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. அங்கே வாழும் டோங்ரியா கோந்த் மக்கள் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவர்கள் பேசும் குவி மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. சரிவுகளில் சிறுதானியமும் மஞ்சளும் அன்னாசியும் பலாவும் விளைவிப்பார்கள். உச்சியில் மட்டும் கோடரி வைக்க மாட்டார்கள். அது நியம் ராஜாவின் இடம். அவர் அவர்களுடைய முன்னோர், அரசர், சட்டம் வகுத்தவர். ஓடைகளைக் காப்பவர்கள் என்ற பொருளில் தங்களை ஜர்னியா என்று சொல்லிக்கொள்வதும் உண்டு.

மலையின் தலையில் ஏழு கோடி டன்னுக்கும் அதிகமான பாக்சைட் இருப்பதாகக் கணக்கிட்டிருந்தார்கள். குத்தகைக்குக் குறித்த பரப்பு சுமார் 660 ஹெக்டேர். வேதாந்தா நிறுவனம் அடிவாரத்தில் லாஞ்சிகரில் அலுமினா ஆலையை முதலில் கட்டிவிட்டு, கனிமம் மேலேயிருந்து வந்து சேரும் என்று காத்திருந்தது. 2008இல் இதே உச்ச நீதிமன்றம்தான் வன நிலத்தைச் சுரங்கத்துக்கு மாற்றிக்கொடுக்கப் பச்சைக்கொடி காட்டியது. 2010இல் என்.சி. சக்சேனா குழுவின் அறிக்கை வந்தபின், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இறுதி அனுமதியை மறுத்தார். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இங்கிலாந்துத் திருச்சபை வேதாந்தாவில் வைத்திருந்த பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியிருந்தது. ஒரு மதத்தின் கருவூலம் இன்னொரு மதத்தின் மலைக்கு மரியாதை செய்த அரிய தருணம் அது.

பாக்சைட் படிவம் நுண்துளைகள் கொண்டது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஊற்றுகளாகக் கசியவிடும். வம்சதாரா ஆற்றுக்கு இந்த மலைகளிலிருந்து நீர் போகிறது. ஆகவே உச்சியைத் தொடாதே என்ற கட்டளைக்குப் பின்னால் நீரியல் அறிவு இருக்கிறது என்று படித்தவர்கள் நெகிழ்ந்து எழுதினார்கள். நெகிழ்ச்சி நல்லதுதான். ஆனால் அதில் ஒரு நுட்பமான அவமதிப்பும் இருக்கிறது. உச்சியை வெட்டினாலும் ஊற்று வற்றாது என்று நாளை ஒரு நிபுணர் நிரூபித்துவிட்டால் நியம் ராஜா என்ன ஆவார்? நம்பிக்கையை அறிவியலின் மாறுவேடமாக மட்டும் பார்த்தால், வேடம் கலைந்ததும் மலையை ஏலத்தில் விட்டுவிடலாம். டோங்ரியா மக்கள் நீரைப் பற்றியும் பேசினார்கள், அரசரைப் பற்றியும் பேசினார்கள். ஒன்றை மற்றொன்றுக்குச் சாக்காகச் சொல்லவில்லை.

தொலைவுக் கேள்வி எவ்வளவு விநோதமானது என்பது தமிழ் வாசகருக்கு எளிதில் புரியும். திருவண்ணாமலையில் மலையே லிங்கம். பௌர்ணமி இரவில் கிரிவலம் போகிறவரை நிறுத்தி, சுவாமி இந்த மலையில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறார், அங்கிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் குவாரி போட்டால் பரவாயில்லை என்று கேட்டால் என்ன பதில் வரும்?

2013 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை, மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக அமர, பன்னிரண்டு ஊர்களில் பல்லி சபைகள் எனப்படும் கிராம சபைகள் கூடின. சேர்காபாடியில் தொடங்கி ஜராபாவில் முடிந்தன. ஆயுதக் காவலர்கள் சூழ, மழைக்காலச் சேற்றில், ஒரு சுரங்கத் திட்டம் வாக்குக்கு வந்தது. பன்னிரண்டும் மறுத்தன. ஊருக்கு இவ்வளவு என்று துண்டு துண்டாக அளந்து தரவிருந்த வன உரிமைப் பரப்பையும் பலர் ஏற்கவில்லை. மலை முழுவதும் நியம் ராஜாவுடையது, அதில் கோடு கிழிக்க முடியாது என்றார்கள். பத்து கிலோமீட்டர் கேள்விக்கான விடை அதிலேயே அடங்கியிருந்தது. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. மீண்டும் சபைகளைக் கூட்ட வேண்டும் என்று ஒடிசா சுரங்கக் கழகம் தாக்கல் செய்த மனுவை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இங்கே வென்றது கடவுளா, சட்டமா?

இந்தியச் சட்டத்துக்குக் கடவுள் புதியவர் அல்லர். கோயிலில் பிரதிஷ்டை செய்த மூர்த்தி சட்டப்படி ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடரலாம். 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் முல்லிக் வழக்கில் இதை உறுதி செய்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணுக்குள் கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் போய்ச்சேர்ந்த நடராஜரை மீட்ட வழக்கில், இடிந்து கிடந்த அந்தக் கோயிலே வாதியாக நிற்கலாம் என்று 1991இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கைவிடப்பட்ட ஒரு சிவன் கோயில், அந்தச் சிலையை வாங்கியிருந்த கனடா நாட்டு நிறுவனத்தை அயல்நாட்டு நீதிமன்றத்தில் வென்றது.

நியம் ராஜாவுக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குக் கருவறை கட்டி, ஆகமப்படி பிரதிஷ்டை செய்து, நிலம் எழுதிவைத்தவர் யாரும் இல்லை. மலைதான் அவர். நிலமே கடவுள் என்ற வாதம் இந்து மதத் தரப்பிலிருந்து வந்தபோதும் நீதிமன்றம் தயங்கியிருக்கிறது. 2019 அயோத்தித் தீர்ப்பு ராம் லல்லாவைச் சட்ட நபராக ஏற்றது; ஜன்மஸ்தானம் என்ற நிலத்தைத் தனியொரு சட்ட நபராக ஏற்கவில்லை. நம்பிக்கையின் பேரில் மட்டும் நிலத்தை நபராக்கினால், அதன்மேல் மற்றவர்கள் கோரும் உரிமை யாவும் அடிபட்டுப்போகும் என்ற கவலை அதற்கு இருந்தது. அந்தக் கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு மலை ஒருவருக்குக் கடவுளாக இருக்கும் அதே நேரத்தில் இன்னொருவருக்கு மேய்ச்சல் நிலமாக இருக்கலாம்.

சமயச் சுதந்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிலம் கேட்டவர்களுக்குப் பிற நாடுகளில் நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. வடமேற்கு கலிஃபோர்னியாவில் யுரோக், கரூக், டொலோவா மக்கள் தவம் இருக்கும் மலைப்பகுதி வழியாக வனத்துறை சாலை போட நினைத்தது. அந்தச் சாலை அவர்களுடைய வழிபாட்டைக் குலைத்துவிடக்கூடும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் மறுக்கவில்லை. ஆனாலும் அது அரசின் நிலம், தன் நிலத்தில் அரசு சாலை போடலாம் என்றது. பிறகு அந்தப் பகுதி காப்பாற்றப்பட்டது 1990இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால். கனடாவில் ஜம்போ பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு விடுதி வந்தால் கிரிஸ்லி கரடி ஆவி அங்கிருந்து போய்விடும் என்று குடுனாஹா மக்கள் வாதாடினார்கள். 2017இல் வந்த தீர்ப்பின் சாரம் இது: நம்புவதற்கும் வழிபடுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு; நீங்கள் வழிபடும் ஆவியைப் பாதுகாக்கும் பொறுப்பு அரசமைப்புக்கு இல்லை. பக்தன் இருக்கலாம், தெய்வம் போனாலும் சரி என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

இந்த வழக்குகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நியம்கிரியின் வேறுபாடு தெரியும். அரசமைப்பின் 25, 26ஆம் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் அங்கே பேசியது உண்மைதான். ஆனால் அதன் கையில் இருந்த வலுவான கருவி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டில் வாழ்வோருக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளும் சட்டம் அது. நிலத்தின் மேலான உரிமை, சமூக வனவளத்தின் மேலான உரிமை, அவற்றைத் தீர்மானிக்கும் கிராம சபை என்று ஓர் அமைப்பையே அது உருவாக்கியிருந்தது. அந்தச் சட்டம் இல்லாமல் நியம் ராஜா மட்டும் நீதிமன்றப் படியேறியிருந்தால், கலிஃபோர்னியாவில் கிடைத்த பதில் இங்கும் கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

நிலத்தைக் காப்பாற்றக் கடவுளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏற்றினால் குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டாக வேண்டும். உங்கள் வழிபாடு எத்தனை தலைமுறையாக நடக்கிறது? எல்லாரும் வழிபடுகிறீர்களா? உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போனபின்னும் நம்புகிறானா? ஒருவர் கிறிஸ்தவராகியிருந்தாலோ, எந்தத் தெய்வத்திடமும் நம்பிக்கை இல்லாதவராக இருந்தாலோ, பாட்டன் உழுத சரிவு அவருக்கு அந்நியமாகிவிடுமா? சமவெளியில் பட்டா வைத்திருக்கும் உழவரிடம் எந்த வட்டாட்சியரும் அவருடைய பக்தியை விசாரிப்பதில்லை. பழங்குடியிடம் மட்டும் நிலத்தோடு ஒரு இறையியலையும் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

நியூசிலாந்து வேறு வழி தேடியது. டே உரேவேரா 1954 முதல் தேசியப் பூங்காவாக இருந்தது. அங்கே வாழும் தூஹோய் மக்களின் நிலத்தை அரசு ஒருகாலத்தில் பறிமுதல் செய்ததை ஒப்புக்கொண்டு, 2014இல் ஒரு சட்டத்தின் மூலம் அந்த வனத்தையே சட்ட நபராக்கினார்கள். இன்று அது அரசுடையதும் அல்ல, தூஹோய் மக்கள் கிரயம் வாங்கியதும் அல்ல. தன்னைத்தானே உடைமையாகக் கொண்டது. அதன் சார்பில் பேசும் வாரியத்தில் தூஹோய் மக்களே பெரும்பான்மை. அறங்காவலர் குழு என்றால் என்னவென்று அறிந்த தமிழருக்கு இந்த ஏற்பாடு விசித்திரமாகத் தோன்றாது. நம்பிக்கையை எவரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பறித்ததை ஒப்புக்கொள்வதிலிருந்து பேச்சு தொடங்கியது.

ஒடிசாவில் கதை அதே மாவட்டங்களில் தொடர்கிறது. ராயகடா, காலாஹாண்டி எல்லையில் உள்ள சிஜிமாலி மலையின் பாக்சைட் தொகுதியை 2023இல் ஏலத்தில் வென்றதும் வேதாந்தாதான். அங்கே மலையில் உறைபவர் தீஜ் ராஜா. கிராம சபைகள் சம்மதித்துவிட்டன என்று அதிகாரிகள் காட்டும் தீர்மானங்கள் போலியானவை என்று ஊர் மக்கள் குற்றம்சாட்டுகிறார்கள். அந்த மலையூர்களில் கோந்த், பரஜா பழங்குடிகளோடு டொம் என்னும் தலித் மக்களும் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். பட்டியல் பழங்குடி அல்லாதவர் வன உரிமை கோரினால், 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். தீஜ் ராஜாவிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. வருவாய்த் துறை ஆவணங்களிலும் டொம் மக்களில் பலருடைய பெயர் கிடைப்பது அரிது.