பழக்கப்பட்ட சாதி

உத்தரப்பிரதேசச் சிறைக் கையேட்டில் ஒரு விதி. வெறுங்காவல் தண்டனை பெற்ற கைதியை இழிவான வேலைக்கு இழுக்கக் கூடாது, அப்படிப்பட்ட வேலை செய்து பழக்கப்பட்ட வகுப்பையோ சாதியையோ சேர்ந்தவனாக இருந்தாலொழிய. வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன பழைய தாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கையேட்டின் வருஷம் 2022.

மேற்கு வங்கச் சிறை விதிகளில் துப்புரவாளரை எந்தச் சாதியிலிருந்து பொறுக்கியெடுப்பது என்று மேத்தர், ஹரி, சண்டாளர் எனப் பேரே போட்டிருந்தது. ராஜஸ்தானில் சமையலுக்குப் பிராமணன், கக்கூசுக்கு மேத்தர். சுகன்யா சாந்தா என்கிற பத்திரிகையாளர் 2020ல் இதையெல்லாம் தோண்டி எழுதினார். எழுதியதோடு நிற்காமல் உச்சநீதிமன்றத்துக்கும் போனார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி இந்த விதிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. பிரிவு 17 தீண்டாமையைத் தடை செய்து எழுபத்து நாலு வருஷம் கழித்து.

நான் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறேன். பழக்கப்பட்ட. யாருக்குப் பழக்கம்? எங்கள் தெருப் பையன் ஒருவன் பி.ஏ. படித்திருக்கிறான், துடைப்பத்தைத் தொட்டதில்லை. அவன் உள்ளே போனால் அவன் உடம்புக்கு எப்படி அந்தப் பழக்கம் இருக்கும்? அவனுடைய தாத்தாவின் முதுகில் அடித்து ஏற்றிய பழக்கத்தைப் பேரனுடைய எலும்பில் தேடுகிறது விதி. தண்டனைக்கு நியாயம் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒன்றை ஒத்துக்கொள்கிறார்கள்: ஒருவன் தான் செய்ததற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பன் திருடினால் பிள்ளையைப் பிடித்துப் போடக்கூடாது. இந்த நியாயத்தின்மேல் கட்டிய கட்டடத்துக்குள்ளேயே, செய்ததற்கு ஒரு தண்டனையும் பிறந்ததற்கு ஒரு தண்டனையும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னதற்கு நாள் குறித்திருக்கிறது, நன்னடத்தைக்குக் கழிவும் உண்டு. பின்னதற்கு?

அரசு ஒருவனைப் பூட்டும்போது அவனிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது? வெளியே நடக்கும் சுதந்திரத்தை, அதுவும் குறித்த காலத்துக்கு. மானத்தை எடுத்துக்கொள் என்று எந்த நீதிபதியும் எழுதிக் கொடுப்பதில்லை. அதை வார்டர் தானாக எடுத்துக்கொள்கிறார், கையேடு பின்னால் நின்று தலையாட்டுகிறது.

ஒரு போராட்டத்தில் பிடிபட்டு நான் ரிமாண்டில் இருந்திருக்கிறேன். எந்தச் சிறை என்பது இங்கே முக்கியமில்லை. வாசலில் பேர், அப்பா பேர், மச்சம் எல்லாம் எழுதினார்கள். எழுதி முடித்தவர், ‘ஊர்ல எந்தத் தெருடா?’ என்றார். சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள் விடியக்காலை பக்கெட் யார் கைக்கு வந்தது என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். என்னோடு அதே வழக்கில், அதே பிரிவில், அதே லாரியில் வந்த மற்றவர்களுக்கு வரவில்லை. அவர்களும் தோழர்கள்தான். ஒருத்தர் மட்டும், ‘நானும் வரேன்’ என்று எழுந்தார். வார்டர் அவரைத் திட்டி உட்காரவைத்தார்.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பீகார்ச் சிறைகளில் எல்லாருக்கும் பொதுச் சமையல் கொண்டுவரப் பார்த்தது கம்பெனி அரசு. மேல்சாதிக் கைதிகள் கலகம் செய்தார்கள். 1855ல் பித்தளைச் சொம்பைப் பிடுங்கி மண் பாத்திரம் கொடுத்தபோது ஆரா, முசாஃபர்பூர் சிறைகளில் பெரிய கலவரம். அரசு பின்வாங்கியது. மேல்சாதிக்காரனின் ஆசாரத்தில் கைவைக்கக் கூடாது என்கிற பாடம் அதற்கு நன்றாகவே ஏறிவிட்டது. சரி, ஆசாரத்தைக் காப்பாற்றுவதென்றால் அவனுடைய மலத்தை அள்ளுவது யார்? அந்தக் கேள்விக்கான பதில்தான் பின்னால் விதி விதியாக அச்சானது. சகிப்புத்தன்மை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். சகித்தது அரசு, சுமந்தது நாம்.

இனி, கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்தார்கள். சேர்த்து வைத்தால் அடிதடி வரும் என்று காரணம் சொன்னார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது, உச்சநீதிமன்றம் 2024ல் ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் கறுப்பர்களைப் பிரித்து வைத்தவர்கள் சொன்ன அதே சமாதானம் இது என்றது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறைக்குள் ஒரு விசாரணைக் கைதியை மற்ற கைதிகள் அடித்தே கொன்றார்கள். மகனை உள்ளே விட்டுவிட்டு, மனு பார்க்க வெயிலில் வரிசையில் நிற்கும் ஒரு தாயிடம் போய் ‘பிரித்து வைப்பது தீண்டாமை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எம்புள்ள உசுரோட வரட்டும், தனியாவே வைங்கய்யா’ என்பாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் இந்தத் தீர்ப்பைக் கொண்டாட என்னால் முடியவில்லை.

என் பதில் இது. அடிப்பேன் என்று மிரட்டுகிறவனை, அடித்தவனைப் பிரித்து வை. அது அவன் செய்த காரியத்துக்காக. பயப்படுகிறவன் கேட்டால் அவனுக்குப் பாதுகாப்பான இடம் கொடு. அது அவன் கேட்டதற்காக. சாதி பார்த்துப் பிரிப்பது இந்த இரண்டும் இல்லை. அது ஒவ்வொருவனையும் அவன் சாதியின் சண்டைக்காரனாக ஆக்கி உட்காரவைக்கிறது. சாதி பார்க்காமல் வளர்ந்த பையன்கூட அந்தப் பகுதியில் ஆறு மாசம் இருந்தால் கற்றுக்கொண்டுதான் வருவான்.

இன்னொன்று. ஊரில் கலவரம் நடந்தால் அதிகாரி என்ன சொல்வார்? ‘சாதி சமூகத்துல இருக்கு சார், நாங்க என்ன பண்றது?’ சிறைக்குள் அந்தச் சாக்கு செல்லாது. அங்கே சமூகம் என்று தனியாக ஏது? யார் எங்கே படுப்பது, எப்போது குளிப்பது, எத்தனை மணிக்குக் கஞ்சி, எல்லாமே அரசு வைத்த ஏற்பாடு. தலையை எண்ணி எண்ணிப் பூட்டுகிற அரசு, பீடிக்கட்டைக்கூட மோப்பம் பிடிக்கிற அரசு, ஒரு உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை, சாதிதான் வழி என்றால் அதை நான் நம்பமாட்டேன். சிறைக்குள் இருக்கிற சாதி அரசின் சொந்தக் கைவேலை.

பதிவேட்டிலிருந்து சாதிக் கலத்தை அடித்துவிடச் சொல்கிறது தீர்ப்பு. எனக்கு இதில் பாதி மனசு. கலம் இல்லாவிட்டால் தெருப் பேர் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு அது போதும். 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்கு ஆளில்லாமல், வக்கீலுக்குக் காசில்லாமல் கிடப்பவர்களில் நம் ஜனங்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரிய வேண்டும். எண்ணிக்கை போய்விட்டால் வழக்குக்கு ஆதாரம் போய்விடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கெடுப்பதற்கு இது தடையில்லை என்று நீதிமன்றமே பின்னால் விளக்கம் சொன்னது நல்லது. எண்ணுவதற்குச் சாதி இருக்கலாம், ஏவுவதற்கு இருக்கக் கூடாது.

1871ன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1952ல் போனது. ஆனால் ‘வழக்கமான குற்றவாளி’ என்கிற பேரில் அந்த ஜனங்கள் கையேடுகளில் தொடர்ந்து கிடந்ததையும் இந்தத் தீர்ப்பு தொட்டிருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரிய சங்கதி.

மூன்று மாதத்தில் கையேட்டைத் திருத்தச் சொன்னார்கள். கையேட்டைத் திருத்துவது குமாஸ்தா வேலை. நான் கேட்பது வேறு. கக்கூஸ் கழுவுகிற முறைப் பட்டியலை ஒவ்வொரு தொகுதியிலும் எல்லாரும் படிக்கிற மாதிரி சுவரில் ஒட்டட்டும். கழுவுகிறவனுக்குக் கையுறையும் கூலியும் உண்டா என்று அதிலேயே எழுதட்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையமும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. போகிறவர்கள் சூப்பிரண்டின் அறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பாமல் அந்தச் சுவரிடம் போகட்டும். மாசத்தில் எந்தப் பேர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணட்டும். எண்ணிவிட்டு அந்தப் பேருக்குரியவனைக் கூப்பிட்டு, வார்டர் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, ‘நெஜமாவே இப்படித்தான் முறை போகுதா?’ என்று கேட்கட்டும்.