மலை வண்டும் தென்னை வண்டும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிராணி. இரவில் ஆபீஸ் விளக்கை நாடிச் சில வேளை பெரிய வண்டொன்று வந்து விழும். ஆண் வண்டுக்கு மூன்று நீண்ட கொம்புகள். உடல் மெருகிட்டாற் போன்ற கறுப்பு. விலங்கு நூலார் இதனைக் 'கால்கோசோமா கைரன்' என்பர். மலைக்காடே இதன் இருப்பிடம். இதனை உலர்த்திக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்கிறார்கள். வருவோர் வியந்து வாங்குகிறார்கள்.

மலையை விட்டுக் கீழிறங்கினால் இதன் உறவினம் ஒன்றைக் காணலாம். அது ஒற்றைக் கொம்புடைய காண்டாமிருக வண்டு. இரண்டும் ஒரே துணைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் புழுக்களும் மட்கிய மரத்தை உண்டே வளர்கின்றன. ஆனால் கீழே உள்ளது தென்னை, செம்பனைகளின் குருத்தைத் துளைக்கிறது. ஆகவே அதற்கு 'நாசப் பூச்சி' என்று பெயர்.

இப்பெயர் பிறவியில் வந்ததா? காட்டை அழித்துத் தென்னையும் செம்பனையும் நட்டவர் யார்? முதிர்ந்த மரங்களைச் சாய்த்து அழுகவிட்டு, அதன் புழுவுக்குத் தொட்டில் கட்டியவர் யார்? 1909-இல் இவ்வண்டு இலங்கையிலிருந்து ரப்பர்க் கன்றுகளோடு கப்பலேறிப் பசிபிக் தீவாகிய சமோவாவை அடைந்து, அங்குள்ள தென்னைகளைப் பாழாக்கிற்று. வண்டு தானாகவா கடல் கடந்தது? கன்றை ஏற்றியவரே அதனையும் ஏற்றினார். பிற்காலத்தில் மலாயாவில் கண்டறிந்த வைரஸ் ஒன்றைக் கொண்டு அதனை அடக்கினார்கள். அது தக்கதே. தீங்கைத் தடுப்பது வேறு. பிறவியை இகழ்வது வேறு.

புகழப்பட்டதும் சாகிறது; இகழப்பட்டதும் சாகிறது. இரண்டுக்கும் பெயரிட்டது நமது லாபக் கணக்கேயன்றி வேறில்லை.

இதனை ஏன் எழுதுகிறேன்? எங்கள் தோட்டத்தில் இன்று கொழுந்தெடுப்போரில் பலர் வங்காள தேசத்தார், நேபாளத்தார். சென்ற மாதம் அவர்களுள் ஒருவர் சம்பளம் வாங்கிச் சென்றதும், நம்மவர் ஒருவர் "வந்தேறிகள்" என்றார். நானும் சிரித்தேன். என் பாட்டனாரும் கப்பலில் வந்து, ஒரு வெள்ளைக்காரரின் செக்ரோலில் பெயர் ஏறியவர் என்பது பிறகே எனக்கு உறைத்தது. வேலைக்கு அழைத்து வந்துவிட்டு, வந்ததையே குற்றமாக்குவது எந்த நியாயம்?

மனிதன் வண்டல்லன். தனக்கிட்ட பெயரை மறுக்க வண்டுக்கு வாயில்லை. மனிதனுக்கு வாயுண்டு, கேட்கும் செவிதான் நம்மிடம் இல்லை. நேற்று வந்தவர் இன்று வந்தவரை இகழ்வாராயின், நாம் பேசும் சமத்துவம் யாருக்கு? நம்மவர் சிந்திப்பார்களாக. என் சிரிப்புக்கு நான் வெட்கப்படுகிறேன்.