யாருக்காகச் செய்தீர்கள்?

வழிப்பறி செய்து பிழைத்த ரத்னாகரனிடம் நாரதர் கேட்டது நினைவிருக்கும். "யாருக்காக இதைச் செய்கிறாய்?" "பெண்டாட்டி பிள்ளைகளுக்காக." "உன் பாவத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா, கேட்டு வா." போய்க் கேட்டான். வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அமெரிக்காவில் ஆர்தர் மில்லர் எழுதிய 'ஆல் மை சன்ஸ்' நாடகத்தில் ஒரு கம்பெனி முதலாளி முன்னால் இதே கேள்வி வந்து நிற்கிறது. 1947-இல் நியூயார்க்கில் மேடையேறி, மறு ஆண்டே சினிமாவாகவும் வந்த கதை. போர்க்காலத்தில் ஓஹாயோவில் குறையுள்ள விமான பாகங்கள் ராணுவத்துக்குப் போன செய்தியைக் கேட்டுத்தான் மில்லர் இதை எழுதினார்.

ஜோ கெல்லரின் தொழிற்சாலையில் விமான என்ஜினுக்கான சிலிண்டர் ஹெட்டுகள் விரிசலோடு வருகின்றன. ராணுவமோ சரக்கு எங்கே என்று நெருக்குகிறது. பங்குதாரர் பதறிப்போய்ப் போன் செய்கிறார். விரிசலை வெல்டிங் வைத்து மூடி அனுப்பு, பொறுப்பு என்னுடையது என்கிறார் கெல்லர். உடம்பு சரியில்லை என்று அன்று தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை. 21 விமானிகள் மாண்டார்கள். நீதிமன்றத்தில், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது? சொன்னவர் வீட்டுக்கு வந்தார், செய்தவர் சிறைக்குப் போனார்.

குடும்பத்துக்காகச் செய்தேன் என்பதுதான் கெல்லரின் கடைசிச் சமாதானமும். ஆனால் இளைய மகன் லாரியும் ஒரு விமானி. அப்பாவைப் பற்றிப் பத்திரிகையில் படித்தான். கூடப் பறப்பவர்களின் முகத்தில் விழிக்க முடியாமல், திரும்பி வருவதில்லை என்ற முடிவோடு புறப்பட்டுப் போனான். ரத்னாகரன் வீட்டார் மறுத்த பங்கை இந்தப் பிள்ளை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

கெல்லர் அரக்கர் இல்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஓடிவந்து விளையாடும் நல்ல மனிதர். என்ஜினில் பொருத்துவதற்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினார். பிறகு நாமே சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார். எனக்குப் பயமாக இருப்பது இந்த 'பிறகு'தான். முதல் நாள் சொல்லியிருந்தால் நஷ்டம் பணத்தோடு போயிருக்கும். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் வாய் திறப்பது இன்னும் கடினமாகிறது.

கம்பெனிகளில் இன்று காம்ப்ளையன்ஸ் என்று தனிப் பிரிவே இருக்கிறது. படிவம், தரச் சோதனை, கையெழுத்து என்று அலுத்துக்கொள்கிறோம். எனக்கு அது பெரிய கருணையாகப் படுகிறது. உத்தரவை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவுடன், சொல்பவர் ஒரு நிமிஷமாவது தன் மனசாட்சியைப் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் கெல்லருக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பங்குதாரரையும் விட்டுவிட முடியாது. பெரியவர் சொன்னார், செய்தேன் என்பது அவர் கட்சி. விரிசலைக் கண்ணால் பார்த்தவர் அவர்தானே! சரக்கு வெளியே போகாது என்று சொல்லிக் கதவைச் சாத்த அவருக்கு எந்தப் பெரியவரின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.