பஞ்சு யாருடையது?

காஞ்சிபுரத்துப் பட்டை உலகறியும். அருகிலேயே, கொல்லாமையைத் தலையறமாகக் கொண்ட சமணர்களின் கோயில் இருக்கும் ஊர் திருப்பருத்திக்குன்றம், பெயரிலேயே பருத்தி! கூட்டுப்புழுவை உயிரோடு அவித்துப் பட்டெடுக்கிறோம். பருத்தியில் அந்தப் பாவமில்லை என்று நிம்மதி கொள்கிறோம்.

ஆனால், பஞ்சு நமக்கென்றா உண்டாகிறது? காலையில் வெளிர்மஞ்சளாக விரியும் பூ மறுநாள் சிவந்து வாடுகிறது. அதற்குள் மகரந்தத்தால் கருவுற்ற சூல்கள் விதையாகத் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் ஒரே உயிரணு நீண்டு வளர்ந்தது. சூற்பை காயாகி, ஏறக்குறைய 50 நாளில் வெடிக்கிறது. விதைக்குத் தாய்ச்செடி போர்த்திய போர்வை அது. போர்வையை நாம் உடுத்துகிறோம். விதையை ஆட்டி மாட்டுக்கு வைக்கிறோம்.

சமணம் செடியையும் ஓரறிவுயிராக எண்ணுகிறது. திகம்பர முனிவர் பருத்தியையும் களைந்துவிட்டார். நான் இல்லறத்தான், வேட்டி கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.